மலையில் ஊதிய கப்பல் சங்கு

கடலைக் கண்ணால் காணாதவர்களே பாதிப் பேருக்கு மேல் இருக்கும் பெரியமலைத் தோட்டத்தில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நின்றது. நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கம், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய விளையாட்டு மைதானத்தில், தேயிலைச் செடிகளுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. முழுக் கப்பல் இல்லை, முன்பாதி மட்டும். இரும்புக் குழாயில் கூடு கட்டி, பலகை அடித்து, வெள்ளையும் நீலமுமாகத் துணி இழுத்து, 'ஊவா ராணி' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள்.

நிஜக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் இருந்தது. அதை வாங்கிய கம்பெனிக்காரர்களுக்குத் தோட்டமும் சொந்தம், இப்போது புதிதாக ஒரு பயணிகள் கப்பலும் சொந்தம். சனிக்கிழமை மாலை, திறந்த வெளியில், பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் தங்கியிருக்கும் வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால், முதலாளி ஒரு கயிற்றை இழுப்பார். மேடைக் கப்பலின் சங்கு ஊதும். அதே நேரத்தில் கொழும்பில் நிஜக் கப்பல் நகரும். அது பெரிய திரையில் தெரியும். தேயிலைக் காசில் வாங்கிய கப்பலைத் தேயிலை மலையில் வைத்தே ஊருக்குக் காட்டுவதாம். காசிருப்பவனுக்கு என்னதான் தோன்றாது என்று நீங்கள் முணுமுணுக்கலாம். ஆனால் இது முதலாளிக்குத் தோன்றியதில்லை. யசோதினிக்குத் தோன்றியது.

யசோதினி அந்தத் தோட்டத்துப் பணிய லயத்தில், சரிவின் அடியில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். இப்போது பதுளையில் விழா ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு மலையோரத்தில் பூப்பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்திக் கொடுத்து நல்ல பேர் வாங்கியிருந்தாள். கப்பல் கம்பெனியின் விழா என்றதும் ஏழெட்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றன. "ஹோட்டல் புல்வெளி வேண்டாம் சேர், உங்க தோட்டத்து மைதானத்துலயே செய்வோம், நான் பொறந்த இடம், எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்று அவள் சொன்ன ஒரு சொல்லில் வேலை அவள் கைக்கு வந்துவிட்டது.

கல்லெல்லாம் தெரியும்தான். கல்லுக்கு மேலே நிற்கும் மலையையும் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடமும் மைதானமும் ஒரு பாறை மேட்டின் முதுகில் இருந்தன. அந்த மேடு அசையாது. அங்கிருந்து நீளமாகப் படி இறங்கினால் பணிய லயம். பணிய லயத்தின் தலைக்கு நேர் மேலே கல்மலை. முந்தின மழைக்காலத்தில் கல்மலையின் ஓரம் சரிந்து ஒரு பக்கத்துத் தேயிலையை அப்படியே விழுங்கிவிட்டுப் போனது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், இங்கே ஆள் இருக்கக்கூடாது என்றார்கள். புது வீடு வரும் என்றார்கள். வந்தது சைரன்தான். மழை அளவு மீறினால் தானாக ஊதும். ஊதினால் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படியேறிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட வேண்டும். சனங்களைக் கூட்டி வைத்து ஓடப் பழக்கியும் காட்டினார்கள். அந்தப் பணிய லயத்தில்தான் யசோதினியின் அம்மா பூவம்மா இன்னும் இருந்தாள். ஐப்பசி மழை தொடங்கினால் யசோதினிக்குப் பதுளையில் தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சங்கு வந்து சேர்ந்தது. உடைத்துப் போட்ட பழைய சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து கழற்றிய நிஜச் சங்கு. காற்றை அடைத்து ஊத வைக்க ஒரு கம்ப்ரஸரும் கூடவே. அதைப் பூட்டியவர் ஷப்ராஸ். பதுளையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர், யசோதினியோடு எத்தனையோ கல்யாணங்களில் நின்றவர், அவளுக்கு அண்ணன் முறையில் 'நானா'. கம்பெனியின் ஆளாகக் கொழும்பிலிருந்து வந்த தயாபரன் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அமத்தவா தங்கச்சி?" என்றார் ஷப்ராஸ்.

"அமத்துங்க நானா."

அடேயப்பா! வயிற்றுக்குள் கையை விட்டுக் கலக்கியது போல ஒரு சத்தம். கல்மலையில் போய் மோதித் திரும்பி வந்தது, நமுனுகுலவில் மோதி இன்னொரு தரம் வந்தது. தயாபரன் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். யசோதினிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. தான் பிறந்த மலை தன் கையசைவுக்கு இப்படிக் கத்தும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. சிரித்துக்கொண்டே கீழே பார்த்தாள்.

பணிய லயத்தின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. சனம் படியில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கிழவிகளை முதுகில் தூக்கிக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் பூவம்மா, ஒரு துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி. கடைசியில் அவள் தம்பி கணபதி, வர மாட்டேன் என்று அடம்பிடித்த ஆட்டைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு.

"எங்கடி சரிஞ்சிருச்சு? எந்தப் பக்கம்?" முதலில் மேலே வந்தவள் மூச்சு வாங்கக் கேட்டாள்.

"எங்கயும் இல்லக்கா… கப்பல் சங்கு… சும்மா ஊதிப் பாத்தோம்."

"கப்பலா? அடியே, எம் மாமியாள முதுகுல தூக்கிட்டு வந்திருக்கேன்டி! கப்பலாம்ல கப்பலு!"

யசோதினிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். சிலர் திட்டினார்கள், சிலர் கப்பலைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். கணபதி மட்டும் அவளை ஏறிட்டுப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, ஆட்டைத் திருப்பி இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. தன் மகன் ரமேஸுக்கு அக்கா மகளைக் கட்டிவைக்க அவர் வெற்றிலை பாக்கோடு வந்த அன்று, ரமேஸைக் கூடப்பிறந்தவனாகத்தான் நினைக்கிறேன் என்று யசோதினி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ரமேஸ் சிரித்துவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கணபதியால் தாங்க முடியவில்லை. "இனிமே உங்க வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் நான் இல்ல" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். போனார் என்றால் எங்கே போனார்? அடுத்த காம்பிராவுக்கு. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். அப்படி ஒரு பகை!

சனம் இறங்கிப் போனதும் தயாபரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ் யசோதினி, சனிக்கிழமை விருந்தாளிங்க முன்னால இப்படி நூறு பேர் கத்திக்கிட்டு ஓடி வந்தா என்ன ஆகும்? சேர்மன் என்னையத் தின்னுடுவார். நீங்க இங்கத்தப் பிள்ளை. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் சொன்னால் நம்புவார்கள். அன்று பின்னேரமே படியிறங்கி, வாசல் வாசலாக ஏறிச் சொன்னாள். "சனிக்கிழம வரைக்கும் தெனமும் ஊதிப் பாப்போம். என்ன சத்தம் கேட்டாலும் ஓடாதீங்க. அது கப்பல்தான். எதுவும் ஆகாது, நான் மேலதானே நிக்கிறேன்." சரிடி சரிடி என்றார்கள். விழாவன்று எல்லாருக்கும் சாப்பாடு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றாள். கணபதியின் கதவு மூடியிருந்தது. மூடிய கதவுக்கும் அதையே சொன்னாள். உள்ளே ரேடியோவைக் கூட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. பெய்து ஓய்கிற மழையாக இருந்தால் பரவாயில்லை. இது நசநசவென்று விடாமல் பெய்து, நடுநடுவே யாரோ வாளியோடு கவிழ்ப்பது போலக் கொட்டியது. கப்பலின் துணி ஊறித் தொங்கியது, இழுத்துக் கட்டினார்கள். மைதானத்துச் சேற்றில் சரளை கொட்டினார்கள். தினமும் பின்னேரம் ஷப்ராஸ் சங்கை ஊதினார். புதன்கிழமை லயத்து ஆட்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். வியாழக்கிழமை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகள் மட்டும் கன்னத்தை உப்பிக்கொண்டு பதிலுக்கு ஊதினார்கள். தயாபரனுக்கு மகா சந்தோஷம்.

யசோதினிக்குச் சந்தோஷம் வரவில்லை. வியாழக்கிழமை அம்மாவைப் பார்க்க இறங்கினாள். பீலிக் குழாயில் தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் காம்பிராக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு மூட மறுத்தது. தோளால் இடித்தால்தான் நகர்ந்தது.

"எப்ப இருந்தும்மா இப்படி?"

"மழைக்குப் பலக ஊதியிருக்கும். நீ ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

பலகை ஊதவில்லை, நிலம்தான் நகர்கிறது என்று அவளுக்குப் பட்டது. நடுச் சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் வழியாக மாமன் வீட்டு விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. 

"அம்மா, இப்பவே என்கூட பதுளைக்கு வந்துரு. ரெண்டு நாளைக்கு."

"சும்மா கெட. ஊர்ல எல்லாரும் எம்மக கப்பல் விடுறத பாக்கப் போறாங்க, நான் பதுளையில போயி குந்திக்கிட்டு இருக்கணுமா? சனிக்கிழம முடியட்டும், வாறேன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படியாகச் சொன்னாள்: "சைரன் வச்சிருக்காங்கல்ல. ஊதுனா ஓடிற மாட்டோமா?"

யசோதினி படியேறும்போது அந்தப் பேச்சுதான் காதில் நின்றது. ஊதினால் ஓடிவிடுவார்களா? ஓடாதீர்கள் என்று வாசல் வாசலாகச் சொன்னது யார்? பாதிப் படியில் நின்றுவிட்டாள். மேலே வந்ததும் நேரே தயாபரனிடம் போனாள்.

"சேர், சங்கு வேணாம். ரெக்கார்டு பண்ணின சத்தத்த ஸ்பீக்கர்ல மெதுவா போடுவோம். கீழ ஆளுங்களுக்கு எது எதுன்னு தெரியாது. நான் போய்த் திருப்பிச் சொல்லிடுறேன்."

"என்ன சொல்றீங்க? சங்குதான் இந்த விழாவே. முதலாளி கயித்த இழுத்தா ஸ்பீக்கர்ல மெதுவா கேட்கணுமா?" தயாபரன் சிரித்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, பயந்த மனுஷன். "நாளைக்கு ஒரே ஒரு ஒத்திகை, நாளான்னைக்கு விழா. அவ்வளவுதான். ரெண்டு நாள்ல மலை எங்கேயும் போயிடாது மிஸ்."

சரி, நாளைக்குக் காலையில் இறங்கித் திருப்பிச் சொல்லிவிடுவோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் மின்சார ஜெனரேட்டர் ஏற்றிவந்த லொறி பாதையில் புதைந்துவிட்டது. அதை எடுத்தபோது சமையல்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்குக் கூரை போட்டபோது திரைத்துணி கிழிந்தது. நேரம் எப்படிப் போனதென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நினைக்காத நேரமில்லை, இறங்க நேரமில்லை. பின்னேரம் ஒத்திகைக்கு எல்லாரும் கூடினார்கள். மழை கண்ணை மறைத்தது.

விருந்தாளிகளை வரவேற்கத் தப்பு அடிக்கச் சொல்லிச் சடையாண்டியை ஏற்பாடு செய்திருந்தார்கள். மேட்டு லயத்துக்காரர், தோட்டத்துத் திருவிழாவுக்கும் அவர்தான், எழவுக்கும் அவர்தான். ஈரத்தில் தோல் தொய்ந்துபோனதால் கூரைக்கு அடியில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தயாபரன் பாதை எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தோட்டத்து வாசல் பக்கம் போயிருந்தார்.

அப்போது சங்கு ஊதியது.

யசோதினி கையில் ரிப்பனை வைத்துக்கொண்டு கப்பலின் மூக்கடியில் நின்றிருந்தாள். இப்ப ஏன் ஊதுகிறார், நான் சொல்லவில்லையே என்று எரிச்சலோடு திரும்பிப் பார்த்தாள். ஷப்ராஸ் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மறு கையில் பாதி கடித்த பணிஸ். வாய் திறந்தபடி இருந்தது.

"நானா!"

"நான் இல்ல தங்கச்சி. அல்லாஹ்மேல ஆணை, நான் கைய வைக்கல்ல. கம்ப்ரஸர் ஓஃப்ல ஈக்கி."

சத்தம் நிற்கவில்லை. மழைக்குள் புகுந்து, மலையில் மோதி, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தது. யசோதினி மைதானத்தின் ஓரத்துக்கு ஓடினாள். கீழே பணிய லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. கூரைகளில் அடுப்புப் புகை நிம்மதியாக எழுந்துகொண்டிருந்தது. ஒருத்தி வெளியே வந்தாள். அப்பாடா என்று இவள் நினைப்பதற்குள் திண்ணையோரம் கிடந்த விறகுக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யசோதினி மைக்கைப் பிடுங்கினாள். "இது கப்பல் இல்ல! சைரன்! எல்லாரும் மேல வாங்க! அம்மா! மேல வாங்க!" ஒலிபெருக்கி மலையெல்லாம் அலறியது. ஒரு ஜன்னலில் இரண்டு பிள்ளைகள் தெரிந்தார்கள். கையை ஆட்டினார்கள், கன்னத்தை உப்பி ஊதிக்காட்டினார்கள். வாரம் முழுக்க இந்த மைக்கில் அவள் என்னென்னவோ சொல்லிப் பழகியிருந்தாள். வாங்க, நில்லுங்க, கைதட்டுங்க, கப்பலைப் பாருங்க. இதுவும் அதில் ஒன்றாகப் போனது. அம்மாவின் போன் மழை வந்தால் வேலை செய்யாது. படியில் இறங்கி ஓடலாம். ஓடி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, அன்றைக்கு ஓடாதே என்றவள் இன்றைக்கு ஓடு என்கிறாளே என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள்? கல்மலையின் நெற்றியில் செடிகள் வரிசை குலைந்து சாய்ந்திருப்பதை இங்கிருந்தே பார்த்தாள். காலையில் அப்படி இல்லை.

சடையாண்டி தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். தோல் காய்ந்து விண்ணென்று இருந்தது.

"அடிக்கவா தாயி? தப்புச் சத்தம் கேட்டா வருவாங்களா?"

யசோதினி அவரைப் பார்த்தாள். எந்தத் தப்புக்கு வருவார்கள்? திருவிழாத் தப்பைக் கேட்டால் சேலை மாற்றிப் பொட்டு வைத்துக்கொண்டு ஆடி அசைந்து வருவார்கள். ஒரே ஒரு அடிக்குத்தான் தோட்டத்தில் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

"எழவுத் தப்பு அடிங்க."

"என்னாது?"

"எழவுத் தப்பு. மைக்குக்கு முன்னால நின்னு அடிங்க. நான் செத்துட்டேன்னு சொல்லுங்க. கரண்டு அடிச்சு கிரவுண்டுல கெடக்கேன்னு சொல்லுங்க."

"ஐயையோ, என்னா பேச்சு தாயி இது! உசுரோட நிக்கிற புள்ளைக்குக் கேதம் சொன்னா இந்தக் கை வெளங்குமா? வேற யாரு பேரையாச்சும்…"

"யாரு பேர? கீழ இருக்கிறவங்க பேரச் சொன்னா அவங்க வீட்டுலயே போய்க் கூடிருவாங்க. மேல இருக்கறது நான்தான். அடிங்க சித்தப்பா. உங்க கால்ல விழுறேன்." சொன்னதோடு நிற்காமல் சேற்றில் விழுந்தே விட்டாள்.

சடையாண்டி அடித்தார். முதல் அடி பிசகி விழுந்தது, பிறகு கைக்குப் பழகிய அடி தானாக வந்தது. நிறுத்தி நிறுத்தி விழும் அந்த அடியை அந்தத் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஷப்ராஸ் மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார். "பணிய லயத்து… பூவம்மா மக… யசோதினி…" சொல்ல முடியாமல் கிழவர் அழுதுவிட்டார். அந்த அழுகைதான் வேலை செய்தது. அழத் தெரிந்தவனுக்குக் கூலி கொடுத்தால்கூட அப்படி அழ மாட்டான். "கரண்டு அடிச்சு… மேல கிரவுண்டுல கெடக்குதே…"

கதவுகள் திறந்தன. எல்லாக் கதவுகளும். சிறு பிள்ளைகளை வெறும் வீட்டில் விட்டுவர முடியுமா, அவர்களையும் தூக்கிக்கொண்டார்கள். நடக்க முடியாதவர்களும், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு தரம் முகத்தைப் பார்க்கிறேன் என்று அடம்பிடித்துத் தோளில் தொற்றிக்கொண்டார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் வந்தது.

"எந்தங்கமே! என்ன விட்டுட்டுப் போயிட்டியே!"

யசோதினி கப்பலுக்குள் ஓடி ஒளிந்தாள். அவள் நிற்பதை ஒருவர் கண்டாலும் பாதிப் படியில் நின்று திட்டத் தொடங்குவார்கள், பிறகு திரும்பிவிடுவார்கள். இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஈரப் பலகையில் முகத்தைப் புதைத்துப் படுத்தாள். தன்னைப் பெற்றவள் தனக்காக வைக்கும் ஒப்பாரி படிப்படியாக ஏறி வருவதைக் கேட்டாள். அதைக் கேட்கும் விதி எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. காதைப் பொத்திக்கொண்டாள், அப்போதும் கேட்டது. "ஒன்னு பெத்தேனே, ஒத்தையா வளத்தேனே, கப்பலுக்கா குடுத்தேன், கப்பலுக்கா குடுத்தேன்!" நடுவில் குரல் அறுந்து இருமல் வந்தது, விழுந்தாளோ என்று யசோதினி பல்லைக் கடித்தாள். எழுந்து ஓடிவிடக்கூடாது, இன்னும் கொஞ்சம், எல்லாரும் வந்து முடியட்டும். தப்பு அடித்துக்கொண்டே இருந்தது.

மைதானம் நிறைந்தது. "எங்கடா போட்டிருக்கீங்க? எம்பிள்ளய எங்கடா போட்டிருக்கீங்க?" ஷப்ராஸ் ஒன்றும் சொல்லத் தெரியாமல் கப்பலைக் காட்டினார். பூவம்மா துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

யசோதினி எழுந்து நின்றாள்.

பூவம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். கண், மூக்கு, கழுத்து. தடவிய கையாலேயே ஓங்கி ஓர் அறை விட்டாள். இன்னொன்று. அடித்த கன்னத்தையே பிடித்துக்கொண்டு நெற்றியில் முட்டி முட்டி அழுதாள். "பாவி, பாவி, உசுரோட இருக்கிற புள்ளைக்கு என்னைய ஒப்பாரி வைக்க வச்சுட்டியேடி!" வெளியே சனம் கொதித்தது. செத்தவள் நிற்கிறாளாம், இதுவும் கப்பல் விளையாட்டாம். ஒருத்தன் சடையாண்டியின் தப்பைப் பிடுங்கினான். ரமேஸ் மட்டும் கப்பலுக்குள் எட்டிப் பார்த்தான், யசோதினியைக் கண்டான், உடனே படிப்பக்கம் திரும்பி ஓடினான்.

அவன் படியை அடையவில்லை. கல்மலை முதலில் ஓர் உறுமல் உறுமியது. காலடியில் பாறை அதிர்ந்தது.  மேலேயிருந்த தேயிலை, செடியும் மரமும் நின்றது நின்றபடி, கீழே இறங்கியது. யாரோ மேசை விரிப்பை இழுப்பதைப் போல நிதானமாகத்தான் இறங்கியது. பணிய லயத்தின் மேல் வந்ததும் நிதானம் போய்விட்டது. தகரக் கூரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. அடுப்புப் புகை இருந்த இடத்தில் சேறு இருந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சைரன் நின்றுவிட்டது, அதுவும் உள்ளே போய்விட்டது.

முதலில் யாருக்கும் அழத் தோன்றவில்லை. தாய்மார் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்ந்தது. எல்லாரும் இருப்பது போலத்தான் தெரிந்தது. சற்று முன் வெளியே நின்று திட்டியவள் ஒருத்தி யசோதினியின் காலைக் கட்டிக்கொண்டாள். "நீ மகராசிடி, நீ நல்லா இருப்ப" என்றாள். யசோதினி யாரையும் கவனிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினாள். பூவம்மாவும் தேடினாள்.

"கணபதி எங்க? எந்தம்பி எங்கடா?"

 ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "நல்லது கெட்டதுக்கு இல்லன்னு சொன்ன மனுசன்தானே…"

பூவம்மாவுக்கு வெறி பிடித்தது. சரிவைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் கத்தினாள். "பாவிப் பயலே! எம்மக செத்துட்டான்னு கேட்டும் வரலையேடா! அவ்வளவு ரோசமா? அந்த ரோசத்த வச்சுக்கிட்டு மண்ணுக்குள்ள போயிட்டியேடா!" யசோதினி அந்த வார்த்தைகளைக் கேட்டு விறைத்து நின்றாள். வேறு யார் பேரைச் சொல்லியிருந்தாலும் மாமன் வந்திருப்பார். ஊரில் எந்த எழவுக்கும் போகாமல் இருந்தவரில்லை. தன் பேரைச் சொன்னதால்தான் அந்த ஒரு கதவு திறக்கவில்லை என்று அவள் நினைத்தாள்.

ரமேஸ் படியின் தலைமாட்டில் முழங்காலில் கிடந்தான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அத்த, அப்பாவத் திட்டாதீங்க" என்றான். 

"கேதம் கேட்டதும் மாருல அடிச்சுக்கிட்டு அழுதாரு அத்த. லயத்துல மொதல்ல எந்திரிச்சவரே அவருதான். நான் கையப் புடிச்சு இழுத்தேன். நீ முன்னால ஓடு, அத்தைய புடிச்சுக்கன்னு என்னையத் தள்ளிவிட்டாரு. எம்மருமகளுக்குக் கோடிச் சேல இல்லாம வெறுங்கையோட போயி நிப்பேனாடான்னு சொல்லிட்டு, ரங்குப் பெட்டியத் தொறந்தாரு."

பூவம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது.

"பெட்டிக்குள்ள ஒரு சேல இருந்துச்சு. போன தீவாளிக்கு பதுள டவுன்ல எடுத்தாரு. அவ யாரக் கட்டுனா என்னா, தாய்மாமன் சேல நான்தானே போடணும்னு எடுத்து அடியில வச்சிருந்தாரு. அதத்தான் தேடிக்கிட்டு இருந்தாரு."

மழை பெய்துகொண்டிருந்தது. பூவம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். யசோதினி அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடு நின்றாள்.